கெவின் போட்ட சாப்பாடு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒருவர் ‘உங்களுக்குப் பிடித்த காதல் படம் எது?’ என்று கேட்டிருந்தார். நான் யோசிக்காமல் ‘மூன்லைட்’ என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றியே. பாராட்டு கொஞ்சம், திட்டு கொஞ்சம், நிஜமான சந்தேகம் நிறைய. அதனால் இந்த முறை அரசியல், கிரிக்கெட், தங்கம் விலை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 2016-ல் வந்த அமெரிக்கப் படம், இயக்கியவர் பாரி ஜென்கின்ஸ். மயாமி நகரத்தில் லிபர்ட்டி சிட்டி என்று கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதி ஒன்று, அங்கே ஷைரோன் என்றொரு பையன். சிறுவன், பள்ளி மாணவன், வளர்ந்த ஆள் என்று மூன்று பாகமாக அவன் கதை போகிறது, மூன்றுக்கும் மூன்று நடிகர்கள். அம்மா போதைக்கு அடிமை. சிநேகிதன் என்று சொல்ல கெவின் ஒருவன்தான், காதலும் அவன்மேல்தான். கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன், அப்புறம் ‘சஸ்பென்ஸை உடைத்துவிட்டீர்’ என்று கார்டு போடாதீர்கள்.

சார், அதைப் போய்க் காதல் படம் என்கிறீர்களே? ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படத்தில் அந்த இருவரும் நெருங்குவது ஒரே ஒரு ராத்திரி, அதுவும் சில நிமிஷம். ‘ஐ லவ் யூ’ கூடக் கிடையாது.
– வாசகர், திண்டுக்கல்

கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்கு அப்புறம் ஷைரோன் பத்து வருஷம் போல வேறு யாரையும் தொடாமல் இருக்கிறான் பாருங்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் இருவரும் உட்கார்ந்து காற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தக் காற்று சில நாள் நம் பேட்டைக்குள்ளும் வரும், வந்தால் எல்லாரும் அப்படியே அடங்கிப்போவார்கள் என்கிறான் ஒருவன். அழுது அழுது நானே சொட்டுச் சொட்டாக ஆகிவிடுவேனோ என்று தோன்றும் என்கிறான் இன்னொருவன். பள்ளிக்கூடப் பையன்களின் காதல் வசனம் இப்படித்தானே இருக்கும்? முத்தத்துக்குப் பிறகு கேமரா அவர்கள் முதுகுப்பக்கம் போய்விடுகிறது. மணலை அள்ளி இறுக்கும் ஒரு கைதான் நமக்குக் கிடைப்பது. எல்லாம் முடிந்ததும் ஷைரோன் சொல்வது ‘ஸாரி’. எதுக்கு ஸாரி என்று கெவின் கேட்கிறான். என்னைக் கேட்டால் படத்திலேயே மிகக் காதலான வசனம் அதுதான், ஏனென்றால் அந்தப் பையனிடம் அதுவரை யாரும் ‘நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை’ என்று சொன்னதே இல்லை.

அப்புறம் வருகிறது பள்ளி மைதானம். ஒரு ரவுடிப் பையன் ஏவிவிட, அதே கெவின் எல்லார் கண்முன்னாலும் ஷைரோனைக் குத்துகிறான். விழுந்தால் கீழேயே கிட, எழாதே என்று கெஞ்சுகிறான். இவன் மறுபடி மறுபடி எழுந்து நிற்கிறான். மறுநாள் வகுப்பில் நுழைந்து அந்த ரவுடியின் முதுகில் நாற்காலியை உடைத்துவிட்டுப் போலீஸோடு போகிறான்.

கடைசிப் பாகத்தில் அவன் அட்லாண்டாவில் போதை விற்கும் ஆள். மலை மாதிரி உடம்பு, பல்லுக்கு மேல் தங்கக் கவசம். ஒரு ராத்திரி கெவினிடமிருந்து போன் வருகிறது. நான் சமைக்கும் சாப்பாட்டுக் கடைக்கு உன் சாயலில் ஒருத்தன் வந்தான், ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டுப் போட்டான், உன் ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இவன் காரை எடுத்துக்கொண்டு மயாமிக்கே வந்துவிடுகிறான்! வந்தவனுக்குக் கெவின் தன் கையால் சமைத்துப் போடுகிறான். அந்தச் சமையலை ஜென்கின்ஸ் காட்டும் விதம் இருக்கிறதே, சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்ப்பது, மேலே கொத்தமல்லி தூவுவது, எலுமிச்சை பிழிவது என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், மற்ற படங்களில் படுக்கையறைக்குத் தரும் நேரத்தை இவர் அடுப்புக்குத் தந்திருக்கிறார். சாப்பிடுவதற்காக ஷைரோன் அந்தத் தங்கக் கவசத்தைக் கழற்றி வைக்கிறான். நான் சீட்டு நுனிக்கு வந்த இடம் அது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தப் படத்தில் ஷைரோன்மேல் பிரியம் வைத்தவர்கள் எல்லாருமே அவனுக்குச் சோறு போடுகிறார்கள். சிறுவனாக ஒளிந்து கிடந்தவனை ஹுவான் என்பவர் கண்டுபிடித்து முதலில் கூட்டிப்போவது சாப்பாட்டுக் கடைக்கு. பேச்சுத்தான் வராது, சாப்பிட நன்றாக வரும் என்று கேலி வேறு. ஹுவானின் துணைவி தெரேசா கடைசிவரை அவனுக்குத் தட்டு எடுத்து வைக்கிறாள். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பதைத் தவிர வேறு எப்படியும் அன்பைச் சொல்லத் தெரியாத வீடுகளில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன்.

‘தன்பாலீர்ப்பு’ என்று வாயில் நுழையாத சொல்லை எதற்கு எழுதுகிறீர்கள்? நாங்கள் காலங்காலமாகச் சொல்லும் ‘ஓரினச்சேர்க்கை’ என்ன குறைந்துவிட்டது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, நீங்கள் தமிழாசிரியர், உங்களுக்கே தெரியும்: சேர்க்கை என்றால் கட்டில், ஈர்ப்பு என்றால் மனசு. இப்போது ஷைரோனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாக அவன் வாழ்க்கையில் சேர்க்கை என்பதே இல்லை. ஆனாலும் அவன் யார் என்பது மாறவில்லை. உங்கள் சொல்லை வைத்துக்கொண்டு அவனை என்னவென்று அழைப்பீர்கள்? பழைய சொல்லில் அவனுக்கு இடமில்லை, புதியதில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில் தமிழ்நாடு அரசே 2022-ல் இது மாதிரி விஷயங்களுக்குக் கண்ணியமான சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. வாயில் நுழையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘மின்னஞ்சல்’ கூட ஒரு காலத்தில் நுழையவில்லை.

என் மகனுக்குப் பதினைந்து வயது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவனே தேடிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். பாதியில் டிவியை அணைத்துவிட்டேன். செய்தது சரிதானே?
– ஒரு தந்தை, ஈரோடு

எதற்காக அணைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. போதை, கெட்ட வார்த்தை, அடிதடி எல்லாம் உள்ள படம், அமெரிக்காவிலேயே அதற்குப் பெரியவர்கள் துணையோடு பார்க்கும் ‘ஆர்’ சான்றிதழ்தான். அதற்காக என்றால் குறை சொல்ல மாட்டேன், இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கட்டும். இரண்டு பையன்கள் முத்தமிடுகிறார்கள் என்பதற்காக என்றால், அணைத்ததன் மூலம் அவனுக்கு நீங்கள் ஒரு பதில் சொல்லிவிட்டீர்கள். அவன் கேள்வியே கேட்காமல்.

படத்திலேயே உங்கள் நிலைமையில் ஒரு ஆள் இருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் சின்னப் பையன் ஷைரோன், பள்ளியில் தன்னைத் திட்டும் ஒரு வசைச்சொல்லைச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று ஹுவானிடம் கேட்கிறான். ஹுவான் யார்? பேட்டையில் போதை விற்பவர். படிப்பாளி இல்லை, போதகர் இல்லை. அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு, தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் புண்படுத்தச் சொல்லும் வார்த்தை அது என்கிறார். நீ அப்படி இருக்கலாம், ஆனால் உன்னை அந்த வார்த்தையால் கூப்பிட யாரையும் விடாதே என்கிறார். கூச்சல் இல்லை, பிரசங்கம் இல்லை. அதற்கு அடுத்த கேள்விதான் அவரைச் சாய்க்கிறது: நீ போதைப்பொருள் விற்கிறாயா, என் அம்மா அதைச் சாப்பிடுகிறாளா? இந்தக் கேள்விக்குத்தான் அந்த மனிதர் தலைகுனிகிறார், முதல் கேள்விக்கு இல்லை. எது வெட்கப்பட வேண்டிய விஷயம், எது இல்லை என்று அந்த ஒரு மேஜையில் பிரித்து வைத்துவிட்டார்கள். நடித்த மஹர்ஷலா அலிக்கு அந்த வருஷம் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது, படத்தில் அவர் வருவது முதல் பாகத்தில் மட்டும்தான்.

டிவியை மறுபடி போடச் சொல்லவில்லை. பையனிடம் பேசுங்கள்.

‘கால் மீ பை யுவர் நேம்’ பார்த்தேன். முக்கியமான நேரத்தில் கேமரா ஜன்னல் வழியே மரத்தைப் பார்க்கப் போய்விடுகிறது. நம் ஊர்ப் பழைய படத்தில் இரண்டு பூ உரசுமே, அது மாதிரி! வெள்ளைக்காரனுக்குமா கூச்சம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

சிரித்துவிட்டேன், நன்றி. இந்தப் புகார் உங்களுடையது மட்டுமில்லை. படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் ஐவரியே பேட்டியில் இதைக் குத்திக்காட்டியிருக்கிறார். திரைக்கதைக்கான ஆஸ்கரை அவர் வாங்கும்போது வயது 89, அந்த வயதில் அவருக்கு இல்லாத கூச்சம் படத்துக்கு ஏன் என்று கேட்கத்தான் தோன்றும்.

1983 கோடை, வட இத்தாலி, பெரிய வீடு, தோட்டத்தில் பழ மரங்கள், அப்பா பேராசிரியர், பையன் எலியோவுக்கு 17, வந்த விருந்தாளி ஆலிவருக்கு 24. இந்த வயசு வித்தியாசம் பலருக்கு உறுத்தியது, எனக்கும்தான். 17 வயசுக்காரனின் கண்ணில் எல்லாம் அழகாகத் தெரிவதை இயக்குநர் லூகா குவாடனினோ பிரமாதமாகக் காட்டுகிறார். ஆலிவர் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் என்ன தெரியும் என்ற கேள்வியை மட்டும் படம் தொடவே இல்லை. போகட்டும். மரத்துக்கு வருகிறேன். மூன்லைட்டிலும் கேமரா விலகுகிறது, ஆனால் எங்கே போகிறது பாருங்கள்: கைக்கு. அவன் உடம்பிலேயேதான் இருக்கிறது. இங்கே அறையை விட்டே வெளியேறிவிடுகிறது. விலகுவதில் தப்பில்லை, பையன்களின் அந்தரங்கத்துக்குக் கதவு சாத்துவது மரியாதைதான். ஆனால் அதே எலியோ தன் வயசுப் பெண்ணோடு இருக்கும் காட்சியில் இந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிடுகிறதே, அங்கேதான் இடிக்கிறது.

அந்தப் படத்தில் நான் மறக்காதது கடைசி ஷாட். கணப்பு நெருப்பின் முன்னால் எலியோ உட்கார்ந்திருக்கிறான், பின்னால் சாப்பாட்டு மேஜையைத் தயார் பண்ணுகிறார்கள், படத்தில் பங்கெடுத்தவர்கள் பெயர் ஓட ஆரம்பித்துவிட்டது, அவன் முகம் அழுது, அடங்கி, லேசாகச் சிரித்து, மறுபடி அழுகிறது. கேமரா அசையவே இல்லை. முதல் காதல் போன அன்றைக்கும் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடத்தான் செய்வார்கள்.

இந்த மாதிரிப் படங்களில் ஏன் எப்போதும் யாராவது சாகிறார்கள், அல்லது பிரிகிறார்கள்? ‘க்ளோஸ்’ பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

‘க்ளோஸ்’ 2022-ல் வந்த பெல்ஜியம் படம், 13 வயசு நண்பர்கள் இருவர். பள்ளியில் ‘நீங்கள் ஜோடியா?’ என்று ஒரு கேள்வி வருகிறது, அதிலிருந்து ஒருவன் மற்றவனைவிட்டு ஒதுங்க ஆரம்பிக்கிறான், ஒதுக்கப்பட்டவன் உயிரை விடுகிறான். முதல் பாதி ஒரு கவிதை. இரண்டாம் பாதியில் அந்த மரணத்தை வைத்துக்கொண்டு இயக்குநர் லூகாஸ் டோன்ட் நம்மை அழவைத்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார், அதில் எனக்குக் கோபம் உண்டு.

இதற்குப் பின்னால் பழைய வரலாறு இருக்கிறது. ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதிகளின்படி இந்தக் காதலைத் திரையில் காட்டவே கூடாது, கோடிகாட்டக்கூடக் கூடாது. 1960-களில் விதி தளர்ந்தபோதும் அப்படிப்பட்ட பாத்திரம் கடைசியில் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாக நின்றது. விதி போனாலும் பழக்கம் போகவில்லை. நம் படங்களில் ‘கெட்டுப்போன’ பெண் கடைசி ரீலில் செத்தே ஆகவேண்டும் என்று இருந்ததே, அதேதான்.

இதற்கு எதிராக ஒரு பிடிவாதக்காரர் இருந்தார். இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை எழுதியது 1913–14-ல். இரண்டு ஆண்கள், கடைசியில் சேர்ந்து வாழப் போகிறார்கள். முடிவு சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று அதற்காகவே எழுதினார், அதனாலேயே உயிரோடு இருக்கும்வரை அச்சில் வரவிடவில்லை. 1970-ல் அவர் இறந்து, 1971-ல்தான் புத்தகம் வந்தது. அதை 1987-ல் படமாக எடுத்தவர் யார் தெரியுமா? மேலே மரத்தைப் பார்த்துக் கோபப்பட்டாரே, அதே ஐவரி.

தூக்கம் வர ‘பியூட்டிஃபுல் திங்’ பாருங்கள். 1996, லண்டன் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பையன்கள். கடைசியில் எல்லார் முன்னாலும் முற்றத்தில் கட்டிப்பிடித்து ஆடுகிறார்கள். யாரும் சாகவில்லை.

‘மூன்லைட்’ இயக்குநரே அப்படிப்பட்டவரா?
– வாசகர், வேலூர்

இல்லை. மூலக்கதையை எழுதிய டாரல் ஆல்வின் மெக்ரேனி தன்பாலீர்ப்பு உள்ளவர், ஜென்கின்ஸ் அப்படி இல்லை. ஆனால் இருவரும் வளர்ந்தது அதே லிபர்ட்டி சிட்டியில், சில தெரு தள்ளித் தள்ளி, ஒருவரை ஒருவர் தெரியாமல். இருவரின் அம்மாவும் போதையில் விழுந்தவர்கள். ஆக, காதல் ஒருவருடையது, அம்மா இருவருடையதும். ‘அப்படிப்பட்டவர்’ என்ற வார்த்தையை அடுத்த கடிதத்தில் தவிர்த்தால் சந்தோஷப்படுவேன்.

ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான கவர் மாறிப்போனது ‘மூன்லைட்’டுக்குத்தானே?
– வாசகர், நாகர்கோவில்

ஆமாம், 2017-ல். ‘லா லா லேண்ட்’ ஆட்கள் மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது கவர் மாறியது தெரிந்தது. பாவம் இரண்டு பேருமே.

ஒரு தமிழ்ப் பையனின் கதையாக இப்படி எதுவும் வரவில்லையா?
– இலங்கை வாசகர், வவுனியா

உங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’, 1994-ல் வந்த நாவல். கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அர்ஜி, சின்ன வயசில் புடவை சுற்றிக்கொண்டு கல்யாண விளையாட்டில் மணப்பெண் ஆகிறான், பெரியவர்கள் பார்த்துவிட அதோடு அந்த உலகம் பறிபோகிறது. வளர்ந்ததும் காதலிப்பது ஷெஹான் என்ற சிங்களப் பையனை. பின்னாலேயே 1983 ஜூலைக் கலவரம் வருகிறது.

தீபா மேத்தா 2020-ல் இதைப் படமாக்கினார். முக்கியத் தமிழ்ப் பாத்திரங்களில் தமிழர் அல்லாதவர்கள், வாயில் உடைந்த தமிழ் என்று கனடாத் தமிழர்கள் கொதித்தார்கள், நியாயமான கோபம். கனடா அதை ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்ப, ஆங்கிலம் அதிகம் என்று சொல்லி ஏற்க மறுத்தார்கள். மூன்லைட் பையன்கள் பேசுவது அவர்கள் தெருவின் பேச்சு, அதனால்தான் பாதி வார்த்தை புரியாவிட்டாலும் நமக்கு நம்பிக்கை வருகிறது. அர்ஜி வீட்டில் அம்மா மகனைக் கண்டிக்கும்போது அது நம் காதுக்கு அம்மாவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவன் மறைப்பது எதை, யாரிடமிருந்து என்பதே விளங்காமல் போகும். நாவலைப் படியுங்கள், அதில் இந்தக் குறை இல்லை.

எனக்கு 19 வயது. இரவில் ஹெட்போன் போட்டு ‘மூன்லைட்’ பார்த்தேன். நிறைய அழுதேன். ஏன் என்று தெரியவில்லை, அல்லது தெரிகிறதோ என்னவோ. பெயர் போடாதீர்கள்.
– பெயர் வேண்டாம்

போடவில்லை தம்பி. (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்.)

அந்தச் சாப்பாட்டு மேஜையில் இன்னொரு கேள்வியும் இருந்தது. நான் அப்படித்தானா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பையன் கேட்பான். அது தெரியும்போது தெரியும், இப்போதே தெரிய வேண்டும் என்று ஒன்றும் இல்லை என்பார்கள் ஹுவானும் தெரேசாவும். அவசரம் இல்லை. சட்டத்தைப் பற்றிப் பயம் இருந்தால், 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, இது குற்றமில்லை. யாராவது ‘சரிப்படுத்துகிறேன்’ என்று டாக்டரிடம் இழுத்துப்போனால், அப்படிச் சரிப்படுத்தும் முயற்சிகளுக்குத் தடை விதிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் உத்தரவு போட்டிருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள். மறுபடி எழுது. பெயர் இல்லாமலே எழுது.

கெவின் சமைத்துப் போடும் அந்தச் சாப்பாடு என்ன? வீட்டில் செய்ய முடியுமா?
– இல்லத்தரசி, காரைக்குடி

அப்பாடா, எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. மயாமியில் கியூபாக்காரர்கள் நிறையப் பேர், அவர்கள் வீட்டுச் சாப்பாடு அது: வெள்ளைச் சோறு, கறுப்பு பீன்ஸ், வாட்டிய கோழி, வதக்கிய வெங்காயம். கெவின் சமையல் கற்றது சிறையில், அங்கே அடுப்படி வேலைக்குப் போட்டார்கள். அதனால் பெரிய நுணுக்கம் ஒன்றும் இருக்காது, பயப்படாதீர்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். கறுப்பு பீன்ஸ் கிடைக்காமல் ராஜ்மா போட்டேன், சுமாராக வந்தது. செட்டிநாட்டுக் கைக்கு உப்புச்சப்பில்லாமல் தெரியலாம், ஒரு பச்சை மிளகாய் கூடக் கிள்ளிப் போடுங்கள். சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்தேன், பாதி ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டுமாம், சாப்பிட வந்த நண்பர் சொன்னார்.